சரக்கு வண்டிக்கு ஜி.பி.எஸ். காவல்: சங்கமாகச் சேர்ந்து செய்வோம்



கடை ஷட்டருக்கு இரண்டு பூட்டுப் போடுகிறோம். கிட்டங்கிக்குக் காவலாளி வைக்கிறோம். கல்லாவுக்கு மேலே கேமரா மாட்டுகிறோம். ஆனால் கடையில் உள்ள சரக்கைவிடப் பல மடங்கு விலை பெறும் சரக்கு வண்டியை மட்டும் தெருவோரம் நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறோம்.

சிறு மளிகை வியாபாரிக்கு ஒரு குட்டி யானை வண்டி என்பது லேசான சொத்து அல்ல. பெரும்பாலும் அது பைனான்சில் எடுத்த வண்டி. வண்டி திருடு போய்விட்டது என்பதற்காக மாதத் தவணை நிற்காது. வண்டியோடு சேர்த்து ஏற்றிய பருப்பும் எண்ணெய் டின்னும் போனால் மண்டிக்குத் தர வேண்டிய பாக்கியும் நிற்காது. வாடகை வண்டி பிடித்தால் வரும் லாபம் வாடகைக்கே சரியாகப் போய்விடும். ஒரே இரவில் முதலுக்கே மோசம் வந்துவிடுகிறது.

இந்த நிலையில் செயற்கைக்கோள் மூலம் வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவியை நம் வணிகர்கள் ஒவ்வொருவரும் பொருத்த வேண்டும் என்பதே நமது கருத்து. அதைத் தனித்தனியாகச் செய்வதைவிடச் சங்கத்தின் மூலம் சேர்ந்து செய்ய வேண்டும் என்றும் சொல்கிறோம். அதற்கான காரணங்களைக் கீழே தருகிறோம்.

கருவி வேலை செய்யும் விதம்

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க ராணுவம் தன் தேவைக்காக உருவாக்கிய ஏற்பாடு. முதல் செயற்கைக்கோள் 1978-ல் ஏவப்பட்டது. 1983-ல் வழி தவறிய கொரியப் பயணிகள் விமானம் சோவியத் நாட்டால் சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகு, இந்த வசதியைப் பொதுமக்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. ஆனாலும் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பி வந்தார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் அதிபர் கிளிண்டன் காலத்தில் அது நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகுதான் எந்தத் தெருவில் வண்டி நிற்கிறது என்று சொல்லும் அளவுக்கு இது பயன்படத் தொடங்கியது. நமது நாடும் பின்தங்கி இருக்கவில்லை. 2013 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தனக்கான வழிகாட்டும் செயற்கைக்கோள் வரிசையில் முதலாவதை ஏவியது. அந்த வரிசைக்குத்தான் பிறகு நாவிக் என்று பெயர் வைத்தார்கள்.

வானத்திலிருந்து செயற்கைக்கோள் நம் வண்டியைப் பார்த்துக் கொண்டே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தங்கள் இடத்தையும் நேரத்தையும் மட்டுமே ஒலிபரப்புகின்றன. வண்டியில் உள்ள கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி, தான் இருக்கும் இடத்தைத் தானே கணக்கிடுகிறது. அதை நமக்குச் சொல்லி அனுப்புவது கருவிக்குள் இருக்கும் சிம் கார்டும் செல்போன் டவரும்தான். ஆகவே சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்துவிட்டால் கருவி ஊமை. தகரக் கூரை போட்ட கிட்டங்கியிலோ தரைக்கு அடியில் உள்ள வாகன நிறுத்தத்திலோ வண்டியை ஒளித்தால் சிக்னல் கிடைப்பது கடினம். கடைசியாக எங்கே இருந்தது என்பது மட்டும்தான் தெரியும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

விலை சில ஆயிரம் ரூபாய்தான். ஆனால் விலையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. சரக்கு எடுக்கும்போது மூட்டையைக் குத்திப் பார்த்து எடுக்கும் நாம் இதிலும் அப்படியே நடக்க வேண்டும்.

முதலாவது, கருவிக்குள் தனி பேட்டரி உண்டா, வண்டியின் பேட்டரி வயரைத் துண்டித்தால் எத்தனை மணி நேரம் தாங்கும், துண்டித்த உடனே நம் செல்போனுக்குச் செய்தி வருமா என்று கேளுங்கள். திருடன் முதலில் கை வைப்பது பேட்டரி வயரில்தான்.

இரண்டாவது, கருவி 2ஜி-யா 4ஜி-யா என்று கேளுங்கள். 4ஜி மட்டுமே உள்ள நிறுவனத்தின் சிம்மை 2ஜி கருவியில் போட்டால் வேலை செய்யாது.

மூன்றாவது, இரண்டாம் ஆண்டிலிருந்து சந்தா எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதல் ஆண்டு இலவசம் என்று சொல்லிவிட்டுப் பிறகு கருவியின் விலைக்கே சந்தா கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

நான்காவது, இரவில் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டி வண்டி நகர்ந்தால் எச்சரிக்கும் வசதி இருக்கட்டும். விடிந்து பார்த்த பிறகு வண்டியைத் தேடுவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வது போலத்தான்.

ஐந்தாவது, தூரத்திலிருந்தே இன்ஜினை நிறுத்தும் வசதி சில கருவிகளில் உண்டு. ஓடும் வண்டியில் இதைப் பயன்படுத்தக் கூடாது. இன்ஜின் நின்றால் பிரேக்குக்கும் பவர் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணைச் சக்தி போய்விடும். சாலையில் போகும் யாரோ ஒருவர் உயிருக்கு அது ஆபத்தாக முடியும். வண்டி நின்ற பிறகு மீண்டும் கிளம்பாமல் தடுக்க மட்டுமே அது உதவ வேண்டும்.

சேர்ந்து செய்தால் என்ன லாபம்?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1986-ல் லோஜாக் என்ற கருவி அறிமுகமானது. அது செயற்கைக்கோளை நம்பியது அல்ல. காரில் ஒளித்து வைத்த சிறு ரேடியோ கருவி சிக்னல் அனுப்பும், அதைக் கண்டறியும் கருவி போலீஸ் வாகனத்திலேயே இருக்கும். இதைப் பற்றி அயர்ஸ், லெவிட் என்ற இரு அறிஞர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வு நம் வணிகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஸ்டீயரிங்கில் வெளியே தெரியும்படி பூட்டுப் போட்டால் திருடன் பக்கத்து வண்டிக்குப் போய்விடுவான். ஆனால் வெளியே தெரியாத கருவி எந்த வண்டியில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஆகவே அந்தக் கருவி பரவிய நகரங்களில் அதைப் பொருத்தாத கார்களுக்கும் சேர்த்துத் திருட்டு குறைந்தது என்று அவர்கள் காட்டினார்கள்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. ஒரு கடைவீதியில் பத்துப் பேர் மட்டும் பொருத்தினால் பத்து வண்டிக்குப் பாதுகாப்பு. பெரும்பாலோர் பொருத்திவிட்டால் அந்தக் கடைவீதிக்கே பாதுகாப்பு. இது ஒன்று. இடம் தெரிந்தால் மட்டும் போதாது, அது உடனே போலீசாரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது மற்றொன்று.

வண்டி காணாமல் போனால்

செல்போனில் புள்ளி தெரிகிறது என்பதற்காக நாலு பேரைக் கூட்டிக் கொண்டு நாமே துரத்திப் போகக் கூடாது. திருட வந்தவன் தனி ஆளா, கையில் என்ன வைத்திருக்கிறான் என்று நமக்குத் தெரியாது. வண்டியை மறுபடி வாங்கலாம். போன உயிரை வாங்க முடியாது.

உடனே 112 எண்ணுக்குச் சொல்லுங்கள். பிறகு புகார் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-ஆம் பிரிவு நமக்குப் பெரிய துணை. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு முறையில் அனுப்பிவிட்டு மூன்று நாட்களுக்குள் கையெழுத்துப் போடலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். வண்டி ஒரு மாவட்டம் தாண்டி இன்னொரு மாவட்டத்தில் ஓடிக் கொண்டிருக்கும்போது, "இது எங்கள் எல்லை இல்லை" என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. இந்தப் பிரிவை ஒவ்வொரு வணிகரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது இன்சூரன்ஸ். கருவி இருக்கிறதே, இன்சூரன்ஸ் எதற்கு என்று நினைப்பது தவறு. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்திருந்தால் திருட்டுக்கு ஒரு பைசா கிடைக்காது. முழு பாலிசி வேண்டும். அது கூட வண்டிக்குத்தான், உள்ளே இருக்கும் சரக்குக்கு அல்ல. சரக்குக்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், கவனக்குறைவு என்று சொல்லிக் கோரிக்கையைத் தட்டிக் கழிக்க இடம் கொடுத்தவர்களாவோம். திருட்டு நடந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். டிராக்டர் திருட்டு வழக்கு ஒன்றில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால் கம்பெனிக்குத் தாமதமாகத் தெரிவித்தார் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தாமதம் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இந்தத் தீர்ப்பைச் சுட்டிக் காட்டலாம்.

ஓட்டுநருக்குச் சொல்லிவிட்டுச் செய்வோம்

கருவியைத் திருடனுக்குத் தெரியாமல் ஒளிக்க வேண்டும். நம் ஓட்டுநருக்குத் தெரியாமல் ஒளிக்கக் கூடாது. எங்கே ஒளித்தோம் என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வண்டியில் கருவி இருக்கிறது என்பது தெரிய வேண்டும். ஜாமீனில் இருப்பவர் கூடத் தன் இருப்பிடத்தைச் செல்போன் வரைபடத்தில் போலீசாருக்குத் தொடர்ந்து காட்ட வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது என 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க நம்மிடம் உழைக்கும் தொழிலாளியை ஒளிந்திருந்து உளவு பார்ப்பது நியாயம் ஆகுமா? "இது வண்டிக்குக் காவல், உங்கள் மீது சந்தேகம் இல்லை" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வண்டி போனால் முதலில் விசாரிக்கப்படுபவர் அவர்தான். அந்த நேரத்தில் வண்டி போன பாதை கருவியில் பதிவாகியிருந்தால் அது அவரையும் காப்பாற்றும்.

சங்கங்களுக்கு வேண்டுகோள்

ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக எடுக்க வேண்டும். உறுப்பினர்களின் வண்டிகளைக் கணக்கெடுத்து மொத்தமாகக் கருவி வாங்கினால் விலை குறையும் என்பதை மொத்த வியாபாரம் செய்யும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சந்தாவையும் சங்கமே ஆண்டுக்கு ஒரு முறை வசூலித்துக் கட்டினால் ரீசார்ஜ் தீர்ந்து கருவி ஊமையாகும் நிலை வராது. நம்பிக்கையான மெக்கானிக்கைக் கொண்டு பொருத்தலாம். வண்டிகளின் பதிவு எண், இன்ஜின் எண், சேசிஸ் எண்ணைச் சங்கத்தில் ஒரு பதிவேட்டில் வைக்கலாம். ஊர்க் காவல் ஆய்வாளரை ஒரு கூட்டத்துக்கு அழைத்து, இரவில் எச்சரிக்கை வந்தால் யாரிடம் எப்படிச் சொல்வது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்து கொள்ளலாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பாதி விலைக்கு டயரும் பேட்டரியும் கிடைக்கிறது என்றால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். வாங்குவதற்கு ஆள் இருக்கும் வரை திருடுவதற்கும் ஆள் இருப்பான்.

ஒரு வணிகரின் வண்டி காணாமல் போனால் அது அவருடைய நஷ்டம் மட்டும் என்று நினைத்தால் நாளை நம் முறை வரும். கருவிக்கு ஆகும் செலவு ஒரு மாதத் தவணையைவிடக் குறைவு. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வண்டியின் ஆர்.சி. புத்தக நகலையும் இன்சூரன்ஸ் பாலிசியையும் கையோடு எடுத்து வாருங்கள். வேலையை அன்றே தொடங்கிவிடலாம்.