உலகம் மெச்சினாலும் ஊர் மெச்சாதா?

ஆரணியில் பட்டு நெய்கிற தெருக்களில் இரண்டு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒன்று தறிச் சத்தம். மற்றொன்று பாட்டுச் சத்தம்.

நெசவாளியின் கைக்கும் காலுக்கும் ஓய்வு இல்லை. கை நாடாவை ஓட்டும். கால் மிதியை மிதிக்கும். கண் இழையை விட்டு நகராது. காது ஒன்றுதான் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குப் பாட்டுதான் துணை. முன்பு ரேடியோ பாடியது. இப்போது கைப்பேசி பாடுகிறது.

பாட்டு இருக்கும் இடத்தில் வாதமும் இருக்கும் அல்லவா?

"என்னப்பா பாட்டு இது! ஒரு வார்த்தையாவது காதில் விழுதா? ஒரே இரைச்சல்!" என்பார் பெரியவர்.

"இந்தப் பாட்டுக்கு அமெரிக்காவிலே கை தட்டுறாங்க, மாமா" என்பான் இளைஞன்.

"தட்டட்டும். அவங்களுக்குத் தமிழ் தெரியாது. அதனாலே தட்டுறாங்க!"

இது ஆரணியில் மட்டும் நடக்கிற பேச்சு அல்ல. டீக்கடை உள்ள எல்லா ஊரிலும் நடக்கிற பேச்சுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தாளம் தப்பிப் பாடும் பாடகரை யாரும் இவ்வளவு திட்டுவதில்லை. பாட்டு ஓடாத இசை அமைப்பாளரை நினைப்பதுகூட இல்லை. உலகமே புகழ்கிற நம்மவரைத்தான் பிடித்து உலுக்குகிறோம். ஏன் இப்படி?

வெள்ளைக்காரர் நாட்டிலும்...

இது தமிழரின் குணம் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்திலும் இதே கதைதான்.

லிவர்பூல் நகரத்து இளைஞர்கள் நான்கு பேர். "பீட்டில்ஸ்" என்பது அவர்கள் குழுவின் பெயர். அவர்கள் பாட்டைக் கேட்டு உலகமே ஆடியது. 1965-ம் ஆண்டு ராணியின் விருது அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. நாடே மகிழ்ந்ததா? இல்லை! முன்பு அந்த விருதைப் பெற்றிருந்த சிலர், "பாட்டுக்காரப் பையன்களுக்கும் இதே விருதா?" என்று கோபித்து, தங்கள் பதக்கங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஜேம்ஸ் பிளண்ட் என்று ஒரு பாடகர். அவர் பாடிய ஒரு காதல் பாட்டு 2005-ம் ஆண்டு இங்கிலாந்தில் முதல் இடம் பிடித்தது. மறு ஆண்டு அமெரிக்காவிலும் முதல் இடம். பிறகு என்ன நடந்தது? சொந்த நாட்டில் அவரைக் கேலி செய்வது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அவரும் தன்னைத் தானே கேலி செய்துகொண்டு சமாளித்தார்.

பண்ணைப்புரத்துக்காரர்

நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் இளையராஜா. 1976-ம் ஆண்டு "அன்னக்கிளி" வந்தது. வயல்காட்டுப் பாட்டு வெள்ளித்திரைக்கு ஏறியது. "பழைய பாட்டு போல வருமா?" என்று அன்றைக்குப் பெருமூச்சு விட்டவர்களும் உண்டு.

1992-ம் ஆண்டு "ரோஜா" வந்தது. ஏ.ஆர்.ரகுமான் வந்தார். "இது கம்ப்யூட்டர் இசை. இளையராஜா பாட்டு போல வருமா?" என்றார்கள்.

2011-ம் ஆண்டு அனிருத் இசையில் "கொலவெறி" பாட்டு வந்தது. உலகம் முழுவதும் பரவியது. "தமிழைக் கெடுத்துவிட்டார்களே! ரகுமான் பாட்டு போல வருமா?" என்று பேச்சு மாறியது.

நேற்றுத் திட்டு வாங்கியவர், இன்று உதாரண புருஷர் ஆகிவிடுகிறார்! திட்டு மட்டும் அடுத்தவருக்கு மாறுகிறது.

நகலும் அசலும்

2017-ம் ஆண்டு இன்னொரு புயல் கிளம்பியது. தன் பாடல்களை அனுமதி இல்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பில் இருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. யாருக்கு? அவருடைய பழைய நண்பர், பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கு!

"தலைக்கனம்" என்றார்கள். "பணத்தாசை" என்றார்கள்.

அவர் கேட்டது சரியா, தவறா? இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. பாட்டு எழுதியவருக்குப் பங்கு உண்டு. பாடியவருக்குப் பங்கு உண்டு. பணம் போட்ட தயாரிப்பாளருக்கும் பங்கு உண்டு. அதைப் பேசலாம்.

ஆனால் ஒரு நெசவாளி தன் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கட்டும். கைத்தறியில் பல நாள் உட்கார்ந்து அவர் நெய்த புட்டாவை, விசைத்தறியில் நகல் எடுத்துப் பாதி விலைக்கு விற்றால் அவர் வயிறு எரியாதா? சில ரகங்களைக் கைத்தறிதான் நெய்யவேண்டும் என்று 1985-ம் ஆண்டு சட்டமே வந்தது, அந்த வயிற்றெரிச்சலுக்கு மருந்தாகத்தானே! சேலையில் நியாயமாகத் தெரிவது, பாட்டில் மட்டும் பேராசையாகத் தெரிவானேன்?

நண்பர்கள் இருவரும் 2019-ம் ஆண்டு மீண்டும் ஒரே மேடையில் சேர்ந்தார்கள். அவர்கள் சண்டை தீர்ந்தது. ரசிகர்கள் சண்டை தீர நாள் ஆயிற்று.

வீட்டுச் சண்டை

இதற்குப் பொறாமைதான் காரணமா? பொறாமையும் உண்டு. அது மட்டும் அல்ல.

2009-ம் ஆண்டு ரகுமான் இரண்டு ஆஸ்கார் விருது வாங்கினார். அந்த மேடையில் தமிழ் பேசினார். தமிழ் வீடுகளில் கண் கலங்காதவர் குறைவு. அடுத்த ஆண்டு கோவையில் செம்மொழி மாநாடு. அதற்கு அவர் இசை அமைத்த பாட்டு வந்ததும், "தமிழ்ப் பாட்டுக்கு மேல்நாட்டு மெட்டா?" என்று அதே வீடுகளில் சிலர் முகம் சுளித்தார்கள்.

2017-ம் ஆண்டு லண்டன் வெம்பிளியில் அவர் கச்சேரி. தமிழ்ப் பாட்டு அதிகம் என்று சொல்லி, இந்திப் பாட்டை எதிர்பார்த்து வந்த சிலர் பாதியில் எழுந்து போனார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். உடனே தமிழர்கள் பொங்கி எழுந்தார்கள். "எங்கள் ரகுமான் தமிழில் பாடினால் உங்களுக்கு என்ன?" என்று வரிந்துகட்டினார்கள்.

இதில்தான் ரகசியம் இருக்கிறது!

பெற்ற பிள்ளையைத் தாய் திட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரி திட்டினால் சண்டைக்குப் போவாள். நம் மக்கள் கலைஞனை வீட்டுப் பிள்ளையாக எண்ணுகிறார்கள். அந்த உரிமையில் அதட்டுகிறார்கள். பிள்ளை பெரிய ஊருக்குப் போய்விட்டால், "இனி நம்மை மறந்துவிடுவானோ?" என்ற பயம் வருகிறது. அந்தப் பயம் கோபமாக வெளியே வருகிறது.

இன்னொன்றும் உண்டு. பழைய பாட்டு என்றால் அதில் நம் வாலிபமும் கலந்திருக்கிறது. அந்தப் பாட்டைக் கேட்ட வயது திரும்பாது. அதை யாரும் குறை சொல்வதில்லை. புதுப் பாட்டைக் குறை சொல்கிறோம்!

எது நியாயம்?

அப்படியானால் பெரிய கலைஞரைக் குறையே சொல்லக்கூடாதா?

தாராளமாகச் சொல்லலாம். 2023-ம் ஆண்டு செப்டம்பரில் சென்னைக்கு அருகே ரகுமான் கச்சேரி நடந்தது. பணம் கொடுத்து டிக்கெட் வாங்கிய பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் தவித்தார்கள். மக்கள் கோபித்தார்கள். அது நியாயமான கோபம். ரகுமானும் தட்டிக்கழிக்காமல், பாதிக்கப்பட்டவர்கள் டிக்கெட்டை அனுப்பினால் ஆவன செய்வதாக அறிவித்தார்.

குறை சொல்ல ஒரு முறை உண்டு. அதை ஆரணி நெசவாளியிடம் கற்கலாம். நெய்து முடித்த சேலையை விரித்துப் பார்ப்பார்கள். இழை அறுந்திருக்கிறதா? ஜரிகை ஒதுங்கியிருக்கிறதா? கரை நேராக இருக்கிறதா? இருந்தால் விரல் வைத்துக் காட்டுவார்கள். நெய்தவர் எந்த வீட்டில் குடியிருக்கிறார், போன மாதம் எவ்வளவு சம்பாதித்தார் என்று சேலையைப் பார்த்துக்கொண்டே யாரும் கேட்பதில்லை. பாட்டையும் அப்படிப் பார்த்தால் போதும்.

உள்ளூர் மாடு

"உள்ளூர் மாடு விலை போகாது" என்பது பழமொழி. ஆரணிக்கு அது நன்றாகத் தெரியும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பட்டு. ஆனாலும் கலியாணச் சேலை என்றதும் "காஞ்சிபுரம் போகலாமா?" என்று கேட்கிறவர் எத்தனை பேர்! நம் கைச் சரக்கை நாமே மதிக்காவிட்டால், வெளியூர் வியாபாரி கூடுதல் விலையா கொடுப்பான்?

பாட்டிலும் இதே நஷ்டம்தான். இளையராஜாவுக்கும் ரகுமானுக்கும் டீக்கடைப் பேச்சால் ஒன்றும் குறையாது. 2025-ம் ஆண்டு மார்ச்சில், 80 வயதைத் தாண்டிய இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றிவிட்டு வந்தார். எந்தப் பேச்சு அவரைத் தடுத்தது?

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊடைக்குத் தார் சுற்றும் சிறுமி, பெரியவர்கள் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நல்ல குரல் இருக்கலாம். புதிய மெட்டு மனதில் ஓடலாம். யாரும் நெய்யாத ஒரு புட்டா கண்ணில் நிற்கலாம். ஆஸ்கார் வாங்கியவரையே இந்தப் பாடு படுத்துகிறவர்கள், தன்னை என்ன சொல்வார்களோ என்று அவள் வாயைத் திறக்காமலே இருந்துவிட்டால்?

அந்தப் பாட்டை உலகமும் கேட்காது. ஆரணியும் கேட்காது.

ஆகவே, குறை இருந்தால் விரல் வைத்துக் காட்டுங்கள். நன்றாக இருந்தால், அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் குழந்தையின் காதில் விழும்படி சொல்லுங்கள்!