சாக்கைப் பிரித்த பிறகும் சொல்ல வேண்டும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பல்லாரி வெங்காய மூட்டைக்குள் பச்சை முளை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். விருதுநகர் மாவட்டம் காரியாபட்டியில் காய்கறிக் கடை வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது அன்றாட நட்டம். முளைத்ததையும் அழுகியதையும் பொறுக்கி ஒதுக்குகிறோம்; ஒதுக்கியதற்கும் சேர்த்துத்தான் மிச்சத்துக்கு விலை வைக்கிறோம். அந்த விலையைக் கொடுப்பது, மில் வேன் வருவதற்குள் கால் கிலோ வாங்கிக்கொண்டு ஓடும் பெண்தான்.

மதுரை கீழமாரட் வீதியில் நாங்கள் மூட்டை எடுக்கிறோம். மகாராஷ்டிரத்துச் சரக்கு அங்கே நிறைய வரும். அந்த மாநிலத்தில், வெங்காயச் சந்தைக்குப் பேர்போன லாசல்காவில், பாபா அணு ஆராய்ச்சி மையம் 2002-இல் ‘கிருஷக்’ என்ற கதிர்வீச்சு ஆலையைத் தொடங்கியது. கதிர் வீசும் கோபால்ட்-60 தண்டுகள் ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் கிடக்கும். வேலை நேரத்தில் அவற்றை மேலே தூக்குவார்கள். சரக்குப் பெட்டிகள் சுற்றி வந்து வெளியேறும். வெங்காயத்துக்கு 60 முதல் 90 கிரே (கதிர் அளவின் அலகு) போதும். குருத்துச் செல்கள் பிரிவது நின்றுபோகும், முளை வராது. இதே ஆலையில் 400 கிரே கொடுத்து, மாங்கொட்டை வண்டுக்குப் பயந்து அமெரிக்கா அடைத்து வைத்திருந்த கதவை 2007-இல் நம் மாம்பழத்துக்குத் திறக்க வைத்தார்கள். 18 ஆண்டுத் தடை அதோடு முடிந்தது.

எல்லாவற்றையும் இது சரிசெய்துவிடாது. அறுவடையான கொஞ்ச நாளுக்குள், வெங்காயம் உறக்கத்தில் இருக்கும்போதே செய்தாக வேண்டும். அடிபட்ட காய் அழுகுவதை இவ்வளவு குறைந்த அளவு தடுக்காது. நாள்பட வைத்திருந்தால் உள்குருத்து பழுப்பாகும். விற்கிறவன் இதையும் சொல்லித்தான் விற்க வேண்டும்.

என் கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் கேள்வி: “அணுவுல வச்சு எடுத்ததா அண்ணாச்சி? எங்க வீட்ல சின்னப் புள்ளைக இருக்கே.”

கோபால்ட்டின் காமா கதிருக்கு உணவைக் கதிரியக்கப் பொருளாக்கும் வலு கிடையாது. எக்ஸ்ரே எடுத்த கை எக்ஸ்ரே வீசாததுபோல, வெங்காயத்திலும் எதுவும் தங்காது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு, உலக சுகாதார நிறுவனம், சர்வதேச அணுசக்தி முகமை ஆகிய மூன்றும் கூட்டிய நிபுணர் குழு 1980-இலேயே 10,000 கிரே வரை கேடில்லை என்று சொல்லிவிட்டது. வெங்காயத்துக்குக் கொடுப்பது அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆஸ்பத்திரியில் நமக்குப் போடும் ஊசியும் கையுறையும் இதே கதிரில் கிருமி நீக்கப்பட்டு வருவதுண்டு.

இவ்வளவையும் சொன்ன பிறகும் அந்தத் தாயின் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. கூடங்குளம் உலையை எதிர்த்து 2011-இல் இடிந்தகரையில் மக்கள் உட்கார்ந்ததைப் பார்த்த நாடு இது. எங்கள் பக்கத்திலேயே ஆவியூர் அருகே கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கு 2024 மே 1 அன்று வெடித்து மூன்று பேர் செத்தார்கள். சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலைகளில் உரிமம் சுவரில் தொங்கியபடியே எத்தனை உயிர் போயிருக்கிறது! “அரசு அனுமதி இருக்கிறது” என்ற ஒரு வரி இந்த மாவட்டத்தில் யாருக்கும் ஆறுதல் தராது.

கதிர்வீச்சு ஆலையில் வெடிக்க எதுவும் இல்லை. ஆபத்து தின்கிறவருக்கு இல்லை, வேலை செய்கிறவருக்குத்தான். தண்டு மேலே இருக்கும்போது அறைக்குள் ஆள் நுழைந்தால் உயிர் போகும். பயன்பாடு முடிந்த கருவியைக் கண்டபடி கைவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2010-இல் டெல்லி மாயாபுரி காட்டியது. பழைய கதிர்வீச்சுக் கருவி ஒன்று இரும்புக் கடைக்குப் போய், அதைப் பிரித்தவர்கள் பாதிக்கப்பட்டு ஒருவர் இறந்தார். ஆகவே ஆலை வந்தால் ஊர் கேட்க வேண்டியது தொழிலாளர் பாதுகாப்பை.

எங்கள் மாவட்டத்துக்குக் கதிர்வீச்சால் பெரிய பலன் வெங்காயத்தைவிட விருதுநகர் வத்தல், மல்லி கமிஷன் கடைகளில்தான் இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் எத்திலீன் ஆக்சைடு இருந்ததாகச் சொல்லி இந்திய மசாலாப் பொடிகளை நிறுத்தின. கிருமியைக் கொல்ல அந்த வாயுவை அடிப்பதைவிட 6,000 கிரேக்கு மேல் கதிர் கொடுப்பது மேல்; மிச்சமாக எந்த ரசாயனமும் ஒட்டியிருக்காது. ஆனால் ஈர வத்தலில் பூஞ்சை ஏற்கெனவே விட்டுப்போன நஞ்சு இதில் அழியாது. களத்தில் நன்றாகக் காயப்போடுவதுதான் அதற்கு வழி. காய்கறி வாங்குகிறவர்கள் உண்மையில் அதிகம் பயப்படும் பூச்சிமருந்து மிச்சத்தையும் கதிர் கழுவித் தராது. அதையும் சேர்த்துப் போக்கிவிடும் என்று எவராவது விளம்பரம் செய்தால் அது பொய்.

எனக்குள்ள கோபம் வேறு இடத்தில். கதிர்வீச்சால் பதப்படுத்திய உணவைப் பொதியில் அடைத்துத்தான் விற்க வேண்டும், பச்சை வட்ட முத்திரையும் தேதியும் ஆலையின் உரிம எண்ணும் அதில் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் சொல்கின்றன. நல்ல விதி. ஆனால் காரியாபட்டியில் பல்லாரியைப் பொதியில் யார் வாங்குகிறார்கள்? மூட்டையைப் பிரித்துத் தரையில் கொட்டி, தராசில் நிறுத்துப் பையில் போடுகிறோம். கொட்டிய நிமிஷமே முத்திரை சாக்கோடு போய்விடும். படித்துப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் உரிமை நகரத்துப் பேரங்காடியில் பாக்கெட் வாங்குகிறவருக்கு மட்டும் மிஞ்சும். கால் கிலோ வாங்குகிறவருக்கு அது இல்லை.

2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் சிறு, குறு, நடுத்தரத் தொழில் துறையில் 50 கதிர்வீச்சு ஆலைகளுக்கு நிதி உதவி என்று அறிவித்தார்கள். அதில் ஒன்று மதுரைக்கும் விருதுநகருக்கும் நடுவே வரட்டும், நான் வரவேற்கிறேன். அதற்கு முன்பு சில்லறைக் கடைக்கும் வாரச்சந்தைக்கும் பொருந்தும்படி விதியைத் திருத்துங்கள். எந்த மொழிக்காரர் மூட்டை கட்டினாலும் தமிழ்நாட்டுக்கு வரும் சாக்கில், கதிர்வீச்சால் பதப்படுத்தியது என்று தமிழில் அச்சிட்ட சீட்டைத் தைக்க வேண்டும். கமிஷன் கடைப் பில்லில் அது குறிக்கப்பட வேண்டும். சாக்கைப் பிரித்துக் கொட்டும் கடைக்காரர் குவியலின் மேல் பலகை வைக்க வேண்டும். பதப்படுத்தாத பல்லாரிக் குவியலும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்கு வரும்போது பில்லையும் பலகையையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பலகை இல்லாத கடைக்கு அபராதம் போட்டால், முதல் அபராதம் என் கடைக்கே வந்தாலும் அது நியாயம்தான்.