பூங்காக்களுக்கும் சாலையோரப் பசுமைக்கும் நிலையான பராமரிப்பு நிதி கோரும் மனு

பெறுநர்: ஆணையர் அவர்கள், பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் கட்டடம், சென்னை.

பொருள்: பூங்காக்கள், சாலை நடுத்திட்டுகள், சாலையோர மரங்கள் ஆகியவற்றின் பராமரிப்புக்குத் தனிக் கணக்கு ஏற்படுத்தக் கோருதல்.

குடியிருப்போர் நலச் சங்கம் பணிவுடன் சமர்ப்பிப்பது:

மாநகராட்சியின் பரப்பு 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, பழைய எல்லைக்குள் இருந்த பூங்காக்களோடு புறநகர் மனைப்பிரிவுகளில் பூங்காவென ஒதுக்கப்பட்ட நிலங்களும் அதன் பொறுப்பில் சேர்ந்தன. ஒரு பூங்காவை அமைப்பதற்கான பணம் மூலதனச் செலவாக, அதாவது ஒருமுறை செய்து சொத்தாக நிற்கும் செலவாக, ஏதேனும் ஒரு திட்டத்தின்கீழ் கிடைத்துவிடுகிறது. ஆனால் திறப்பு விழாவுக்கு மறுநாள் தொடங்கி ஆண்டுதோறும் தேவைப்படும் தண்ணீர், உரம், கவாத்து, ஆள்கூலி ஆகியவை வருவாய்ச் செலவில் அடங்குவதால், நெருக்கடி வரும்போது முதலில் வெட்டுப்படுபவை அவையே. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு, களை பறிப்பதற்கு இல்லை என்பதும் இதற்கு ஒரு காரணம் என்றே சங்கம் கருதுகிறது. எனவே ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவும் அதற்கான நிதி ஆதாரமும் மதிப்பீட்டிலேயே காட்டப்படாத எந்தப் புதிய பூங்காவுக்கும் நடுத்திட்டுச் செடிகளுக்கும் நிர்வாக அனுமதி வழங்கப்படக் கூடாது என்பது சங்கத்தின் முதன்மைக் கோரிக்கை.

2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுபவர், சாலைகள் நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான மனைகளில் நிலத்துக்கு ஈடாகப் பணம் செலுத்தவும் வழியுண்டு. இப்பணத்தைப் பராமரிப்புக்குத் திருப்பிவிடலாம் என்ற யோசனை எளிதாகத் தோன்றினாலும் சங்கம் அதை ஏற்கவில்லை. அது மக்களுக்கு வர வேண்டிய நிலத்தின் விலையாதலால், நிலம் வாங்குவதற்கு மட்டுமே செலவிடப்பட வேண்டும். பராமரிப்புக்கோ, சொத்து வரியோடு நூலக வரி தனியாகக் கணக்கிடப்படுவதைப் போல, மாநகராட்சியின் சொந்த வருவாயில் ஒரு நிலையான விழுக்காடு ஒதுக்கப்பட்டு, வார்டு வாரியான செலவு ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும்.

தனியார் தத்தெடுப்பு இதற்கு மாற்றாகாது. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவை ஒரு நிதி நிறுவனம் நெடுங்காலமாகப் பேணிவருவது பாராட்டுக்குரியதே எனினும், அத்தகைய ஆதரவாளர் மயிலாப்பூருக்குக் கிடைப்பதுபோல் கொடுங்கையூருக்கோ மணலிக்கோ கிடைப்பார் என எதிர்பார்க்க இயலாது.

ஒப்பந்த முறையும் மாற வேண்டும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்தால் கன்றுகள் நடப்படும். பிழைத்த கன்றுகளுக்குக் கொடுத்தால்தான் அவை வளர்க்கப்படும். ஆகவே ஒப்பந்தக் காலம் மூன்று ஆண்டுகளாக இருப்பதும், இறுதித் தவணை உயிரோடு நிற்கும் மரங்களை எண்ணிய பின்னரே வழங்கப்படுவதும் அவசியம். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்ய, அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெக்கை தணியாத ஜூன் 5 அன்று, உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பதற்காகவே கன்று நடுவது லாரித் தண்ணீருக்கான செலவைப் பெருக்கும் வழியாகும். நடவு செப்டம்பர் இறுதிக்கு மாற்றப்பட வேண்டும். நடுத்திட்டுகளுக்குச் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரையே பயன்படுத்துவதும், மரத்தூரைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்கேனும் சிமெண்ட் பூசாமல் விடுவதும் ஒப்பந்த நிபந்தனைகளாக வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபின், வேருக்கு மண் விடுவதை அழகு சார்ந்த விஷயமாக மட்டும் கருத முடியாது.

தோட்டப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம், வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. ஆகியவை செலுத்தப்பட்டதற்கான சான்று இல்லாமல் ஒப்பந்ததாரரின் எந்தப் பட்டியலும் ஏற்கப்படக் கூடாது.

இக்கோரிக்கைகளை வரும் நிதிநிலை அறிக்கை தயாரிக்கப்படும் முன்னரே மாமன்றத்தின் பரிசீலனைக்கு வைத்து, எடுக்கப்படும் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.