சனத்தைக் கொன்றால் கேம் வேகமாக ஓடும்

2024 மார்ச் 22 அன்று ‘டிராகன்ஸ் டொக்மா 2’ வெளிவந்த கையோடு, அதைக் கொம்பியூட்டரில் விளையாடின ஆக்கள் ஒரு விசயத்தைக் கண்டுபிடிச்சினம். வேர்ன்வேர்த் என்ற தலைநகருக்குள் போனால் கேம் இழுக்குது, திக்குது. ஆனால் நகரத்துச் சனத்தை வெட்டி விழுத்தினால் கேம் திரும்ப வேகமாக ஓடத் தொடங்குது. பகிடியாகத் தொடங்கின இந்த வேலையைப் பிறகு கேம் விமர்சனம் எழுதுற தளங்களே செய்து பார்த்தன. இத்தனைக்கும் கதையில் நீங்கள் அந்தச் சனத்தை டிராகனிடமிருந்து காப்பாற்ற வந்த ஆள்.

எல்லாரும் சிரிச்சுப்போட்டுக் கடந்துபோன விசயம்தான். எனக்கென்றால் இந்தக் கேமைப் பற்றிக் கதைக்க வேண்டிய முக்கியமான இடமே இதுதான்.

முதலில், இது எவ்வளவு அழகான கேம் எண்டு சொல்ல வேணும். வரைபடத்தில் ஒரு இடத்தைத் தொட்டு அங்கே போய் நிற்கிற வசதி இதில் கிட்டத்தட்ட இல்லை. அதற்குத் தேவையான கல்லுகள் அரிது, விலையும் கூட. மாட்டு வண்டியில் ஏறிக் கண்ணயரலாம், இடைவழியில் கொப்ளின்கள் பாய்ந்து வண்டியையே உடைச்சுப் போடலாம். மற்றும்படி நடைதான். இரவு எண்டால் உண்மையான இரவு, விளக்கில் எண்ணெய் முடிஞ்சால் முன்னால் நிற்பது மரமா ஓகரா எண்டு தெரியாது. கிரிஃபின் ஒன்றின் முதுகில் தொங்கிக்கொண்டு சண்டை பிடிக்கும்போது அது எழும்பிப் பறந்தால் உங்களையும் கொண்டுதான் பறக்கும். எங்கே இறங்குவீர்கள் எண்டு அதுக்குத்தான் தெரியும். கூட வாற தோழர்களுக்கு ‘பாவ்ன்’ எண்டு பெயர். உங்களுடைய பாவ்ன் வேறு ஆட்களின் உலகத்துக்கு வேலைக்குப் போய்வரும். அங்கே பார்த்த வழியை ஞாபகம் வைத்து, “வாங்கோ, நான் காட்டுறன்” என்கிற மாதிரி முன்னால் நடக்கும். (அலட்டலும் கூடத்தான். ஒரே வசனத்தைப் பத்துத் தரம் கேட்க வேண்டி வரும்.)

இந்த அழகும் அந்த இழுபறியும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. வெளியீட்டு நேரத்தில் கப்கொம் நிறுவனம் தந்த விளக்கத்தின் சாரம் இது: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சீபியூவின் பெரிய பங்கு ஒதுக்கப்படுகிறது, அந்த ஆள் நிற்பதால் சுற்றுப்புறத்தில் ஏற்படும் தாக்கம் கணக்கிடப்படுகிறது, பல பேர் ஒன்றாகக் கூடினால் சுமை ஏறிவிடுகிறது. ஒரு செக்கனுக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 17 மில்லிசெக்கனும் இல்லை. 30 பிரேம் என்றால் 33. அந்த நேரத்துக்குள் சந்தையில் நிற்கிற அத்தனை பேரின் கணக்கும் முடிய வேணும். முடியாவிட்டால் படம் காத்து நிற்கும்.

அதனால்தான் கிராபிக்ஸைக் குறைச்சும் நகரத்துக்குள் பெரிய பலன் இருக்கவில்லை. ஆர்டிஎக்ஸ் 4090 வைத்திருந்த ஆக்களுக்கும் அதே கதைதான். குறைந்தபட்சத் தேவையாகப் போட்டிருந்த ஜிடிஎக்ஸ் 1070 கார்ட், 16 ஜிபி ரம் என்பதைப் பார்த்து, பழைய பாகங்கள் தேடிச் சேர்த்து மெசின் பூட்டுகிற எங்கட பெடியளுக்கு இது முக்கியம். கார்ட் மாற்றக் காசு சேர்ப்பவர்கள் முதலில் சீபியூவைப் பாருங்கோ.

இனி அந்தக் கொலைகள். கேமுக்குள் ‘டிராகன்ஸ் பிளேக்’ எண்டு ஒரு நோய் இருக்கு. அது பாவ்ன்களுக்குள் தொற்றும். கண் சிவக்கும், சொல்வழி கேளாது. கவனிக்காமல் விட்டுவிட்டு ஒரு ஊர்ச் சத்திரத்தில் படுத்தீர்களோ, இரவோடிரவாக அந்த ஊர்ச் சனம் அழிந்துபோகும். காலையில் எழும்பினால் கடைக்காரர் இல்லை, உங்களுக்கு வேலை தந்த ஆள் இல்லை. சேமிப்பும் தானாகவே நடப்பதால் திரும்பிப் போவது லேசில்லை. ஒரு ஊர் வெறுமையாவதைத்தான் இந்தக் கேமை வடிவமைத்தவர்கள் ஆகப் பெரிய பயங்கரமாக யோசிச்சு வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே வெறுமை, திணறுகிற மெசினுக்கு ஒரு நிம்மதி. கதை “ஐயோ” எண்டு அழச் சொல்லுற இடத்தில் பிரேம்ரேட் “அப்பாடா” என்கிறது.

இதனால்தான் “கலையைப் பாருங்கள், தொழில்நுட்பத்தை விடுங்கள்” என்ற வாதம் எனக்குச் சரிவருவதில்லை. கலைப்பீடத்தில் படிக்கிறதால இதைக் கூடக் கேட்கிறேனோ தெரியாது. ஒரு நாவலின் தாள் மட்டமாக இருந்தால் கதை மாறாது. இங்கே மாறுது. கூட்டத்தைக் கண்டு சந்தோசப்பட வேண்டிய கேமில், கூட்டத்தைக் கண்டால் விலகிப் போகச் சொல்லி மெசின் உங்களைப் பழக்குது. வேர்ன்வேர்த்தில் நின்று ஆக்களோடு கதைத்து அரசியல் சூழ்ச்சியைத் துப்பறிய வேண்டிய பகுதியை, எப்படா காட்டுக்குள் போவோம் என்ற அவசரத்தில் ஓடி முடிக்க வைக்குது.

இயக்குநர் ஹிடேயாக்கி இட்சுனோவின் பிடிவாதத்தைச் சொல்லி இதை மன்னிப்பவர்கள் பலர். 2012இல் வந்த முதல் பாகமும் அவருடையதுதான். இவ்வளவு உயிருள்ள உலகத்துக்கு ஆசைப்பட்டதை நானும் மதிக்கிறேன். ஆனால் வெளியீட்டு நேரத்தில் 70 டொலருக்கு விற்ற நிறுவனம் அந்த ஆசையின் கணக்கை வாங்குபவனின் தலையில் கட்டியது சரியில்லை. பிரேமை 30க்குள் நிறுத்துகிற தெரிவு கொன்சோல்களுக்கு வந்ததே வெளியீட்டுக்குப் பிறகுதான். கேமைப் புதிதாகத் தொடங்குகிற வழியும் அப்படித்தான் வந்தது. முதல் நாளிலேயே சின்னச் சின்னப் பொருட்களைக் காசுக்கு விற்கமட்டும் நேரம் இருந்திருக்கு.

ஆர்.ஈ. எஞ்சின் 2017இல் ‘ரெசிடென்ட் ஈவில் 7’ உடன் வந்தது. ஒரு வீட்டின் ஒடுங்கிய நடைகளில் ஆளைப் பயப்படுத்துகிற கேம் அது. அதே எஞ்சினில் பரந்த உலகம் கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த ஒரு பாடமே போதும் எண்டுதான் நினைத்தேன். 2025 பெப்ரவரியில் அதே எஞ்சினில் ‘மொன்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்’ வந்தது. கொம்பியூட்டர் காரர்களின் முறைப்பாடு திரும்பவும் அதே முறைப்பாடுதான்.

இட்சுனோ 2024 ஓகஸ்டில் கப்கொமை விட்டு விலகிவிட்டார். செப்டெம்பரில் வந்த அப்டேற் நகரத்துக்குள் ஓரளவு வேகத்தைக் கூட்டியது. இப்ப தொடங்குற ஆக்கள் விலைக்கழிவு வரும்வரை பொறுத்து வாங்குங்கோ. வாங்கினால், மெசின் எவ்வளவு திக்கினாலும் வேர்ன்வேர்த் சந்தையில் கொஞ்ச நேரம் நின்று, அங்கே போய்வாற சனத்தைப் பாருங்கோ.