உச்சியில் ஒரு குடித்தனம்

சிலி-அர்ஜென்டினா எல்லையில் ஒரு எரிமலை. பெயர் யூயையாக்கோ. சொல்லி முடிப்பதற்குள்ளேயே மூச்சு வாங்குகிறது. உயரம் 6,739 மீட்டர். 2020 பிப்ரவரியில் ஜே ஸ்டோர்ஸ் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் அதன் உச்சிக்கு ஏறினார். அங்கே அவருக்கு முன்னாலேயே ஆஜர் கொடுத்திருந்தது... ஒரு எலி!

பிடித்துவிட்டார். அதுவரை எந்தப் பாலூட்டியும் அத்தனை உயரத்தில் பிடிபட்டதில்லை.

ஃபைலோட்டிஸ் என்ற இனம். கிரேக்கத்தில் 'இலைக்காது'. காதைப் பார்த்தால் இரண்டு இலையை ஒட்டவைத்த மாதிரிதான் இருக்கும். டார்வின் சிலியில் பிடித்து அனுப்பிய ஒன்றுக்கு 1837-ல் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். (எலிக்கா? அது ஒரு மரியாதை சார்!)

உச்சியில் ஆக்ஸிஜன் தரைமட்டத்தில் பாதிகூடக் கிடையாது. குளிர் பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கீழே. 5,000 மீட்டருக்கு மேலே புல் பூண்டு முளைக்காது. பக்கத்து அட்டகாமா பாலைவனத்தில்தான் நாஸா செவ்வாய்க்கு ரிகர்சல் பார்க்கிறது. அப்பேர்ப்பட்ட இடத்தில் எலிக்கு என்ன வேலை?

ஒரு சந்தேகம் வந்தது. இன்கா மக்கள் சுமார் 500 வருஷம் முன்பு அந்த மலைகளில் ஏறி நரபலி கொடுத்தவர்கள். யூயையாக்கோ உச்சியில் 1999-ல் மூன்று குழந்தைகளின் மம்மிகள் கிடைத்தன. அவர்கள் மூட்டையில் எலியும் ஓசிப் பயணம் வந்திருக்குமோ?

ஸ்டோர்ஸ் குழு விடவில்லை. பக்கத்து எரிமலை உச்சிகளைத் துழாவியதில், குளிரில் காய்ந்து கருவாடாகிக் கிடந்த 13 எலிகள் கிடைத்தன. வயதைக் கணக்குப் போட்டால், சில வெறும் சில பத்து வருஷம். மிகப் பழசுக்கே 350-க்கு மேல் இல்லை. ஆக, இன்கா கேஸ் தள்ளுபடி! 2023-ல் முடிவை வெளியிட்டார்கள்.

இன்னொரு சமாசாரம்தான் முக்கியம். ஆணும் பெண்ணும் சரிபாதி. சில ஜோடிகள் நெருங்கிய ரத்த சொந்தம். வெறும் ஆண்களாக இருந்தால் ஊர்சுற்ற வந்த பேச்சிலர் கும்பல் என்று விட்டுவிடலாம். இது குடித்தனம்!

சாப்பாடு? காற்று அடித்துவரும் பூச்சி, பாறையில் ஒட்டிய கல்பாசி வகையறா என்று யூகம்தான். ஏன் ஏறியது? கீழே ஆந்தை, நரிக்குப் பயந்து என்பதும் ஒரு யூகம். அங்கே துரத்த ஆளில்லைதான். ஆனால் அந்தப் பதின்மூன்றும் ஆந்தை தின்று செத்தவை அல்ல.