ஸ்பானிய வினைக்கு ஆங்கிலத் தரகு எதற்கு?

ஸ்பானிய வகுப்பின் முதல் வாரத்திலேயே ஓர் அட்டவணை பலகையில் ஏறிவிடும்: அப்லோ, அப்லாஸ், அப்லா, அப்லாமோஸ், அப்லாயிஸ், அப்லான். 'பேசு' என்னும் வினையின் நிகழ்கால வடிவங்கள் ஆறு. எதிரே ஆங்கிலப் பொருள் எழுதப்படும். வினையீற்றில் இடமும் எண்ணும் காட்டும் வழக்கம் ஏறத்தாழ அற்றுப்போய், படர்க்கை ஒருமைக்கு ஒற்றை 'ஸ்' மட்டும் எஞ்சிய மொழி ஆங்கிலம். அவ்வழக்கமே முதுகெலும்பான மொழியை அதன் வழியே கற்பிக்கிறார்கள்.

எதிரே அமர்ந்திருக்கும் தமிழ் மாணவரோ பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்று மழலையிலேயே பழகியவர். விகுதியே எழுவாயைச் சொல்லிவிடும் என்பது அவருக்குப் புதுச் செய்தியன்று. ஆங்கிலத் தரகின் விளைவாக அவரே வாக்கியந்தோறும் 'யோ' என்று தொடங்குகிறார். ஸ்பானியர் காதுக்கு அது 'நான்தான், நான்தான்' என்று மார்தட்டுவது போல ஒலிக்கும்.

இதைவிடப் பெரிய கேடு காலத்தில் நேர்கிறது. 'பேசுகிறேன்' என்பது அன்றாட வழக்கத்தையும், இக்கணம் நடப்பதையும், 'நாளைக்குப் பேசுகிறேன்' என்னும்போது வருங்காலத்தையும் குறிக்கும். 'அப்லோ' இம்மூன்றையும் அவ்வாறே தாங்குகிறது. இவற்றைப் பிரித்தே தீரவேண்டும் என்பது ஆங்கிலத்தின் கட்டாயம். அதைச் சுமந்து செல்லும் மாணவர் வேண்டாத இடத்திலெல்லாம் 'எஸ்தோய் அப்லாந்தோ' என்கிறார். பிழை அவருடையது என்று மதிப்பெண் குறைக்கப்படுகிறது.

இரு மொழியும் ஒன்றே என்பதல்ல வாதம். அவன், அவள் என்ற பால் வேறுபாடு ஸ்பானிய வினையில் இல்லை. ஆர், ஏர், இர் என்னும் மூன்று வகுப்புகளும் உயிரெழுத்தால் வேறுபடும்: அப்லாமோஸ், கொமேமோஸ், பிபிமோஸ். தமிழில் வகுப்பு வேறுபாடு கால இடைநிலையில் தெரியும்: செய்கிறேன், நடக்கிறேன். ஆனால் தன்மை ஒருமையில் ஸ்பானியத்தின் மூன்று வகுப்புக்கும் 'ஓ' பொது. தமிழில் 'ஏன்' பொது. இந்த ஒப்பீட்டுக்குப் பத்து நிமிடம் போதும்.

இதற்கு எழும் மறுப்பு ஒன்று உண்டு. ஆலுவாவின் மலையாள மாணவர் ஞானுக்கும் நீக்கும் அவர்க்கும் 'போகுந்நு' என்றே சொல்பவர். ஆகவே ஆங்கிலமே பொதுவழி என்பர். விகுதியற்ற ஒருவருக்கு விகுதி வற்றிய மொழி எவ்வகையில் துணை? மலையாளத்தின் பழைய நூல்களில் விகுதி உண்டு. அது நீங்கியதை ஏ.ஆர். ராஜராஜ வர்மா 1896இல் வெளிவந்த கேரள பாணினீயத்தில் 'புருஷபேத நிராசம்' எனப் பெயரிட்டு ஒரு நெறியாகவே வகுத்தார். அம்மாணவருக்கு அந்நூலிலிருந்தே தொடங்கலாம். கொச்சிக் கோட்டையின் வண்ணார் குடியிருப்பில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளோ இரு முறையையும் நாள்தோறும் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள்.

விகுதி நீங்கியதைச் 'சிதைவு' என்று இகழும் தமிழ்ப் புலமைக்கும் இங்கே ஒரு சொல். ஸ்பானியத்தைப் போலவே விகுதி செறிந்த போர்த்துக்கீசியம் கொச்சிக்கு வந்து, உள்ளூர் வாயில் கலப்புமொழியானபோது இடவிகுதிகளை உதிர்த்தது. அதை நன்கு பேசிய கடைசி மனிதர் வில்லியம் ரொசாரியோ 2010இல் வைப்பினில் மறையும்வரை அம்மொழியில் யாரும் யாருக்கும் புரியாமல் போகவில்லை.

ஆங்கிலம் இடையில் நில்லாத காலமும் இருந்தது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார், 1549ஐ ஒட்டித் தமிழுக்குப் போர்த்துக்கீசியத்தில் இலக்கணம் எழுதினார். 1540இல் வெளிவந்த ஜுவான் தெ பாரோஸின் போர்த்துக்கீசிய இலக்கணத்தைத் துணைகொள்ளுமாறு அதில் சொன்னார். அவர் மொழிபெயர்த்த கிரிசித்தியானி வணக்கம் 1579இல் அச்சேறியது இதே கொச்சியில்தான். தமிழ் வினையையும் ஐபீரிய வினையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க அவருக்கு மூன்றாம் மொழி தேவைப்படவில்லை. நானூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின், அதே வேலையை எதிர்த்திசையில் செய்யும் பாடநூலைக் கேட்டால், 'மாணவர்க்கு ஆங்கிலம் தெரியுமே' என்கிறார்கள். தெரியும்; அதனால்தான் 'யோ' ஓயவில்லை.