ஆர்டர் கொடுப்பது யார்? பில் கட்டுவது யார்?

ஒரு நிக்காஹ் நிறைவேற எத்தனை பேர் தேவை? மணமகன், மனப்பூர்வமாகச் சம்மதித்த மணமகள், அவளுடைய வலீ, இரண்டு சாட்சிகள். இவர்களோடு மஹர். அவ்வளவுதான்! குத்பா ஓதுகிற எங்களைப் போன்ற ஹஜ்ரத்துகள்கூட இந்தப் பட்டியலில் கட்டாயம் இல்லை. குத்பா சுன்னத்து, அது இல்லாமலும் நிக்காஹ் கூடும். (இதை எழுதியதற்காகச் சில ஹஜ்ரத்துமார் என்மீது வருத்தப்படலாம். படட்டும்.)

ஆனால் இன்று நடப்பது என்ன? தேதி குறித்த மறுநாளே பெண்ணைப் பெற்றவர் மண்டபத்துக்கு ஓடுகிறார். அங்கிருந்து பண்டாரியிடம். பிறகு பந்தல்காரர், மேடை அலங்காரக்காரர், வீடியோக்காரர், பூக்காரர், வாடகைப் பாத்திரக் கடை, வேன்காரர் என்று ஒவ்வொரு வாசலிலும் முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறார். மஹர் எவ்வளவு என்று கேட்டால், "அதை நிக்காஹ் அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம்" என்கிறார்கள்!

இந்தத் தொழிலாளர்களை நாம் குறை சொல்லவில்லை. நெருப்போடும் புகையோடும் விடிய விடிய நிற்கிற பண்டாரியின் உழைப்பு ஹலாலான உழைப்பு. கேள்வி அவர்களைப் பற்றியதல்ல. அவர்களை வரச் சொன்னது யார், கூலி கொடுப்பது யார் என்பதுதான் கேள்வி.

முதலில், யாருடைய வேலை என்ன என்பதே நம் மக்களில் பலருக்குத் தெரிவதில்லை. பண்டாரியை அமர்த்தினால் அவர் சாமான் பட்டியல் எழுதித் தருவார்; அரிசியும் கறியும் நெய்யும் நாம் வாங்க வேண்டும்; அவருக்குச் சமையல் கூலி. மிஞ்சியது நமக்கு, ஏழைகளுக்குக் கொடுக்கலாம். கேட்டரிங்காரர் அப்படியல்ல. தலைக்கு இவ்வளவு என்று பேசுவார். 500 பேர் என்று சொல்லிவிட்டு 350 பேர் வந்தாலும் 500 பேருக்கும் பணம் கேட்பார். மிஞ்சிய உணவு யாருக்கு என்பதை முன்னாலேயே பேசாவிட்டால் அதுவும் கைக்கு வராது. மண்டபக்காரரிடம் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வருகிறோம். கரண்ட், ஜெனரேட்டர், துப்புரவு என்று தனித்தனிச் சீட்டு மறுநாள் காலையில் வருகிறது. தாம் சொல்லும் அலங்காரக்காரரையே வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடும் மண்டபங்களும் உண்டு. இப்போது எல்லாவற்றையும் ஒரே தொகைக்கு முடித்துத் தருகிற ஒப்பந்தக்காரர்களும் வந்துவிட்டார்கள். அந்த ஒரே தொகைக்குள் எது எவ்வளவு என்று கேட்கத் தெரியாத தகப்பனார் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்.

வீடியோ விஷயம் தனி வேதனை. பெண்கள் பகுதிக்குள் ஆண் கேமராக்காரர் சகஜமாக நுழைகிறார். நிக்காஹுக்கு முன்பே மாப்பிள்ளையையும் பெண்ணையும் கடற்கரையில் நிற்க வைத்துப் படம் எடுக்கிறார்கள். நிக்காஹ் ஆகும்வரை அவர்கள் அந்நியர்கள் என்பதைச் சொல்ல வேண்டிய பெற்றோரே கூடப்போய் குடை பிடிக்கிறார்கள்!

இனி விஷயத்துக்கு வருவோம். மாப்பிள்ளை வீட்டார் "எங்களுக்கு வரதட்சணையே வேண்டாம்" என்பார்கள். கேட்பவர்கள் மாஷா அல்லாஹ் என்பார்கள். அடுத்த வாக்கியம் என்ன தெரியுமா? "எங்கள் பக்கம் 300 பேர் வருவோம். மட்டன் பிரியாணி, நல்ல மண்டபம், வந்தவர்கள் குறை சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்." ஒரு கிலோ அரிசிச் சாப்பாடு ஏறக்குறைய எட்டுப் பேருக்கு; கிலோ அரிசிக்குக் கிலோ கறி. அவர்களுடைய 300 பேருக்கு மட்டும் 38 கிலோ கறி. கிலோ 800 ரூபாய் என்று வைத்தாலும் 30,400 ரூபாய்! அரிசி, நெய், தால்ச்சா, கூலி, மண்டபம் எல்லாம் இதற்கு மேல். ஆர்டர் கொடுத்தவர் ஒருவர். பில் கட்டுகிறவர் வேறொருவர். கைக்கூலியைக் கையில் வாங்காமல் வயிற்றில் வாங்குகிறார்கள்.

1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் மஹரை மட்டும் வரதட்சணை அல்ல என்று விலக்கி வைத்திருக்கிறது. பெண் வீட்டு விருந்து அந்தச் சட்டத்துக்குள் வருமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். மார்க்கத்தில் வாதத்துக்கே இடமில்லை. திருக்குர்ஆனின் நான்காவது அத்தியாயம் நான்காவது வசனம் மஹரைக் கொடுக்கும் கடமையை ஆணின்மீது வைக்கிறது. வலீமா விருந்தும் ஆணின் பொறுப்புதான். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) மதீனாவில் திருமணம் செய்தபோது, அவர்மீதிருந்த வாசனைத் திரவியத்தின் மஞ்சள் நிறத்தைப் பார்த்துக் கேட்டபிறகே நபி (ஸல்) அவர்களுக்குச் செய்தி தெரிந்தது. அல்லாஹ்வின் தூதரையே அழைக்காமல் நடந்த திருமணம்! ஒரு ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்கும்படி நபியவர்கள் மாப்பிள்ளையிடம்தான் சொன்னார்கள். மாமனாரிடம் அல்ல. ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமாவில் பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யும்தான் தோல் விரிப்பில் வைக்கப்பட்டன.

பெண்ணின் தகப்பனார் விருந்து கொடுப்பதே கூடாதா என்று கேட்பார்கள். வசதியுள்ளவர் தாமாக விரும்பித் தம் உறவினருக்குச் சோறு போட்டால் யார் தடுப்பது? கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, எவரோ சொன்ன எண்ணிக்கைக்குச் சோறு போடுவதைத்தான் பேசுகிறோம்.

அந்தக் கடனின் கடைசிச் சுமை யார் தலையில் விழுகிறது தெரியுமா? பணம் போதாதபோது மண்டபக்காரருக்குப் பாக்கி வைக்க முடியாது. அவர் முன்னாலேயே வாங்கிவிடுவார். பாக்கி நிற்பது பண்டாரியின் உதவியாட்களுக்கும் தேக்சா கழுவுகிற பெண்களுக்கும்தான். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தின் பெயரால் நடந்த கல்யாணத்தில், "அடுத்த வாரம் வா" என்று அவர்கள் அலைக்கழிக்கப்படுகிறார்கள். சமைத்தவன் நெருப்பையும் புகையையும் சகித்தவன் என்பதால் அவனையும் உடன் உட்கார வைக்கும்படி நபிமொழி சொல்கிறது. நம் மண்டபங்களில் அவனுக்கு அடிச்சட்டிச் சோறு, அதுவும் எல்லோரும் போனபிறகு.

ஜமாஅத் நிர்வாகிகளே! நிக்காஹ் தப்தர் உங்கள் கையில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் பள்ளிவாசலில் தருகிற மனுவில் இரண்டு கேள்விகளைச் சேருங்கள்: மண்டபம், சமையல், அலங்காரம், வீடியோ, வேன் ஆகியவற்றை ஏற்பாடு செய்யச் சொன்னது யார், ரசீது யார் பெயரில்? மாப்பிள்ளை வீட்டார் 300 பேரை அழைக்க விரும்பினால் தாராளமாக அழைக்கட்டும். பண்டாரியிடம் முன்பணத்தை அவர்களே கொடுத்து ரசீதைக் காட்டட்டும். கூலிப் பாக்கி இருந்தால் தொழிலாளி பள்ளிவாசலில் வந்து சொல்லலாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

"கெடுபிடி செய்தால் பக்கத்து மஹல்லாவுக்குப் போய் நிக்காஹ் செய்துகொள்வார்கள்" என்று சில முத்தவல்லிகள் தயங்குகிறார்கள். வெளியூர் மாப்பிள்ளை என்றால் அவருடைய ஜமாஅத்தின் கடிதம் இல்லாமல் நம்மில் பெரும்பாலான பள்ளிவாசல்களில் தப்தரைத் திறப்பதில்லையே! அதே கடிதத்தில் இந்த ரசீது விவரத்தையும் எழுதி அனுப்ப, சுற்றியுள்ள நான்கைந்து மஹல்லாக்கள் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்தால் போதும்.